குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்துகிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை: மூளையில் என்ன நடக்கிறது?

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஐந்தரை வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். வாரத்தில் மூன்று நாள் ஸ்பீச் தெரபிக்கும் இரண்டு நாள் ஆக்குபேஷனல் தெரபிக்கும் (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி) அழைத்துச் செல்கிறோம். இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துச் சொல்லும் அளவுக்குப் பேச்சு வந்திருக்கிறது. நான் இப்போது கேட்க வந்தது பேச்சைப் பற்றி அல்ல, ஒலியைப் பற்றி.

எங்கள் வீடு பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. புதுச்சேரிக்குப் போகும் தனியார் பேருந்துகளின் ஏர் ஹாரன் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது கேட்டதும் இவன் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்தில் போய் நின்றுகொள்கிறான். குக்கர் விசிலுக்கும் மிக்ஸிக்கும் அதே கதைதான். ஆனால் அதே பிள்ளை, மூடிய கதவுக்கு அந்தப்புறம் என் மனைவி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தால் ஓடி வருகிறான். தெருமுனையில் திரும்பும் பேருந்தைப் பார்க்காமலேயே, என்ஜின் சத்தத்தை வைத்து அது என்ன நிறப் பேருந்து என்று சொல்கிறான். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. மூன்றடி தள்ளி நின்று பெயர் சொல்லி நான்கு தடவை கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை.

என் தாயாருக்கு இது பிடிவாதமாகத் தெரிகிறது. "வேண்டியது கேட்கிறது, வேண்டாதது கேட்கவில்லை, எல்லாம் நீங்கள் கொடுக்கிற செல்லம்" என்கிறார். ஒன்றரை ஆண்டுக்கு முன் பெரா என்ற செவித்திறன் பரிசோதனை செய்தோம். சிரப் கொடுத்துத் தூங்கவைத்து எடுத்தார்கள். இரண்டு காதும் இயல்பாக இருப்பதாக அறிக்கை வந்தது. அதைக் காட்டியதும் என் தாயாரின் வாதம் இன்னும் வலுத்துவிட்டது.

சென்ற வாரம் ஒரு தெரபி மையத்தில், தலையில் கம்பிகள் பொருத்தி "பிரெய்ன் மேப்பிங்" எடுத்தால் மூளையின் எந்தப் பகுதியில் ஒலி சிக்குகிறது என்று வண்ணப்படமாகக் காட்டிவிடுவோம் என்றார்கள். அதன்பின் ஹெட்போனில் தினம் இரண்டு வேளை அரை மணி நேரம் விசேஷ இசை கேட்கவைத்தால் பத்து நாளில் காதைப் பொத்துவது நின்றுவிடும் என்றும் சொன்னார்கள். அவர்கள் சொன்ன தொகை என் இரண்டு மாதச் சம்பளம். கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறேன், பலன் உண்டென்றால்.

ஆகவே கேட்கிறேன். இந்தப் பிள்ளைகளின் மூளை ஒலியை எப்படித்தான் வாங்கிக்கொள்கிறது? அதைப் படம் பிடித்துப் பார்ப்பதால் என் மகனுக்கு ஏதாவது பயன் உண்டா? அடுத்த மாதம் பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் தேர். மேளமும் வெடியும் எங்கள் தெரு வரை கேட்கும். போன ஆண்டு அவன் அழுது வாந்தி எடுத்துவிட்டான். இந்த ஆண்டும் அப்படி ஆகிவிடக் கூடாது.

செவிமடல் (புதுச்சேரி) எழுதியது:

வணக்கம் ஐயா. நான் பதினான்கு ஆண்டுகளாகச் செவித்திறன் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் செய்துவருகிறேன். பணம் கட்டுவதற்கு முன் கேட்டது நல்லதாயிற்று. பதில் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெரா. அந்தப் பரிசோதனையில் காதுக்குள் "டிக் டிக்" என்று ஒலி கொடுத்து, அது உட்செவியிலிருந்து நரம்பு வழியாக மூளைத்தண்டில் ஏறும்போது எழும் ஐந்து சிற்றலைகளைப் பதிகிறோம். அவை அனைத்தும் ஒலி கொடுத்த சுமார் 10 மில்லி வினாடிக்குள் முடிந்துவிடுகின்றன. அதாவது தபால் உங்கள் ஊர் அஞ்சலகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதை மட்டும் பெரா சொல்கிறது. வீட்டில் அதை யார் வாங்கினார், பிரித்தார், படித்தார், படித்து என்ன செய்தார் என்பதெல்லாம் அதற்குப் பிந்தைய கதை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் காணப்படும் வேறுபாடுகளில் பெரும்பகுதி அந்தப் பிந்தைய கதையில்தான் இருக்கிறது. உங்கள் தாயார் பெரா அறிக்கையைப் பிடிவாதத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டது புரிகிறது. ஆனால் அந்தத் தாள் அப்படி எதையும் சொல்லவில்லை.

ஒலி மூளைத்தண்டைத் தாண்டி, காதுக்கு மேலே பக்கவாட்டிலுள்ள செவிப்புலப் புறணிக்குப் போய்ச் சேர்ந்ததும், பெரியவர்களிடம் சுமார் 100 மில்லி வினாடியில் ஒரு தெளிவான அலை எழும். குழந்தைகளிடம் அது சற்றுத் தாமதமாக வரும். வயது ஏற ஏறத் தாமதம் குறையும். அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் டிமோத்தி ராபர்ட்ஸ் குழுவினர் இந்த அலையை எம்.இ.ஜி. என்ற கருவியால் அளந்து 2010இல் வெளியிட்டார்கள். நரம்பணுக்கள் வேலை செய்யும்போது உண்டாகும் காந்தப்புலத்தை அது தலைக்கு வெளியிலிருந்தே படிக்கும். அந்தப் புலம் பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல கோடி மடங்கு மெலிந்தது என்பதால், கவசமிட்ட தனி அறையும் திரவ ஹீலியத்தில் குளிரூட்டிய உணரிகளும் வேண்டும். ஊசி கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. எளிய ஒலிகளைக் கேட்கவைத்தபோது, ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் வலப்பக்க மூளையில் அந்த அலை சராசரியாகச் சுமார் 11 மில்லி வினாடி பிந்தி வந்தது.

நொடியில் நூற்றில் ஒரு பங்கு என்ன பெரிய தாமதம் என்று தோன்றும். பேச்சை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு ஒலி என்றால் பிந்தி வந்தாலும் பாதகமில்லை. ஆனால் "பாப்பா" என்பதில் உதடு திறக்கும்போது ஒலியில் நேரும் மாற்றம் சில பத்து மில்லி வினாடிகளில் முடிந்துவிடுகிறது. முதல் அசை மூளையில் இன்னும் வாங்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த அசை வாசலில் நின்றால், நீண்ட வாக்கியத்தில் என்ன ஆகும்? அதே குழுவினர் அடுத்து, ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கொடுத்து நடுவில் ஒன்றை மாற்றி, அந்த மாற்றத்தை மூளை எவ்வளவு விரைவில் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். மொழித்திறனும் பின்தங்கியிருந்த குழந்தைகளிடம் அந்தத் தாமதம் இன்னும் அதிகமாக இருந்தது. தாமதம்தான் மொழிச் சிக்கலுக்குக் காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பது வரைதான் உறுதி.

இப்போது நீங்கள் கேட்ட முக்கியமான கேள்விக்கு வருகிறேன்: பிஸ்கட் பொட்டலம் கேட்கிறது, பெயர் ஏன் கேட்கவில்லை? இதே புதிரை 2003இல் ஓர் ஆய்வுக்குழு நேரடியாகச் சோதித்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சாதாரண ஒலி, கலப்பு ஒலி, உயிரெழுத்து ஒலி ஆகிய மூன்றையும் கொடுத்து, நடுநடுவே மாற்றம் செய்து மூளை அலைகளைப் பதிந்தார்கள். மூன்று வகையிலும் மாற்றத்தை மூளை உணர்ந்தது. ஆனால் "இதோ புதிதாக ஒன்று" என்று கவனம் அந்தப் பக்கம் திரும்பும்போது எழும் அலை, வெறும் ஒலிகளுக்கு எழுந்தது, உயிரெழுத்துக்கு எழவில்லை. ஒலி போய்ச் சேருகிறது, கவனம்தான் தானாகத் திரும்புவதில்லை. சியாட்டிலில் பாட்ரீசியா கூல் குழுவினர் 2005இல் பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளிடம் கண்டதும் இதை ஒட்டியே இருக்கிறது. கொஞ்சிப் பேசும் தாய்க்குரலைவிடப் பேச்சல்லாத ஒலியை விரும்பிய பிள்ளைகளின் மூளை, அசை மாற்றத்துக்கு வழக்கமான அலையைக் காட்டவில்லை. தாய்க்குரலை விரும்பிய ஆட்டிசப் பிள்ளைகளின் மூளை காட்டியது. எனவே எல்லாக் குழந்தைகளும் ஒன்றுபோல் அல்ல. ஸ்டான்ஃபோர்டில் டேனியல் ஏப்ரம்ஸ், வினோத் மேனன் ஆகியோர் 2013இல் காட்டியது இன்னொரு பக்கம்: குரலை அடையாளம் காணும் பகுதிக்கும், "இது எனக்கு இனியது" என்று உணர்த்தும் பகுதிகளுக்கும் இடையிலான இணைப்பு இந்தக் குழந்தைகளிடம் மெலிந்திருக்கிறது. பொட்டலத்தின் சரசரப்புக்குப் பின்னால் பிஸ்கட் நிச்சயம். அப்பா கூப்பிட்டால் என்ன வரும் என்பது நிச்சயமில்லை, பெரும்பாலும் "வா, சட்டை மாற்றலாம்" என்பதாகத்தான் இருக்கும். இது நான் பெற்றோரிடம் பாதி விளையாட்டாகச் சொல்வது, ஆனால் பாதி உண்மை.

ஏர் ஹாரன் விஷயம் வேறு. அதைச் சத்த மிகுதி என்று மட்டும் பார்க்கக் கூடாது. லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஷுலமைட் கிரீன் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கேனரில் படுத்திருந்த பிள்ளைகளுக்குப் போக்குவரத்து இரைச்சலைக் கேட்கவைத்து, கையில் சொரசொரப்பான கம்பளியைத் தேய்த்தார்கள். எந்த மூளையும் முதலில் துள்ளும். மற்றப் பிள்ளைகளின் மூளை சில தடவைக்குப் பின் "இதுதானே" என்று அடங்கியது. ஆட்டிசத்தோடு ஒலிக்கூச்சமும் மிகுந்திருந்த பிள்ளைகளிடம் அச்சத்தையும் எச்சரிக்கையையும் எழுப்பும் அமிக்டலா என்ற பகுதி அடங்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டும் அது மற்றப் பிள்ளைகளிடம்போலத் தணியவில்லை. "தினம்தான் கேட்கிறானே, பழகிவிடும்" என்று நாம் சொல்வது இவர்களிடம் பலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது அரிதான ஒன்றும் அல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான கணக்கின்படி ஆட்டிசம் உள்ளவர்களில் 10 பேரில் சுமார் 4 பேருக்கு இப்போதும், சுமார் 6 பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்திலும் ஒலியைப் பொறுக்க முடியாத நிலை இருக்கிறது. மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி முதன்முதலாக எழுதியபோதே உரத்த ஒலிக்கு அவர்கள் அஞ்சுவதைக் குறித்திருக்கிறார். அப்படியிருந்தும் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது ஆட்டிசத்தின் அறிகுறிகளுள் ஒன்றாக இடம்பெறுவதற்கு 2013 வரை ஆயிற்று.

பிரெய்ன் மேப்பிங்கை நான் வேண்டாம் என்றே சொல்வேன். மேலே நான் சொன்னவை எல்லாம் குழுச் சராசரிகள். ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் ஆகிய இரு கூட்டத்தின் அளவுகளும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடக்கின்றன. தனி ஒரு குழந்தையின் அலையைப் பார்த்து ஆட்டிசம் உண்டு, இல்லை என்றோ, இந்தத் தெரபிதான் வேண்டும் என்றோ சொல்ல இன்று யாராலும் முடியாது. அவர்கள் தரும் வண்ணப்படம் அழகாக இருக்கும், அவ்வளவுதான். தலையில் கம்பிகள் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வலிப்பு வந்தாலோ, சில நொடி வெறித்துப் பார்த்து நின்றுவிட்டாலோ, பேசிக்கொண்டிருந்த சொற்களை இழந்தாலோ நரம்பியல் மருத்துவரே இ.இ.ஜி. எடுக்கச் சொல்வார். அது வேறு காரணத்துக்காக.

ஹெட்போன் இசைக்கும் பழைய வரலாறு உண்டு. பிரான்ஸ் நாட்டுக் காது மருத்துவர் கி பெரார் உருவாக்கிய முறை அது. 10 நாள், நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு அரை மணி நேரம் என்ற கணக்கு அப்படியே பொருந்துகிறது, பாருங்கள். கிடைத்த ஆய்வுகளையெல்லாம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2011இல் சீர்தூக்கிப் பார்த்து, அதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. அந்தப் பணத்தை ஆக்குபேஷனல் தெரபிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் அதிகம் ஆகாத ஒரு பரிசோதனை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பெரா எடுத்து ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. இந்த வயதில் சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வது மிகச் சாதாரணம். அதைக் காட்டிக்கொடுக்கும் டிம்பனோமெட்ரி என்ற பரிசோதனையை ஒரு தடவை எடுத்துவிடுங்கள். தூக்க மருந்து வேண்டாம், சில நிமிடம்தான்.

கொடிமுல்லை (லாஸ்பேட்டை, புதுச்சேரி) எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். என் மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. செவிமடல் அவர்கள் மூளையைப் பற்றிச் சொல்லிவிட்டார்; நான் மிக்ஸியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் ஏழு ஆண்டுப் போர் அதனோடுதான் நடந்தது.

அவளுக்கு ஐந்து வயது வரை, அவள் தூங்கும்போதோ மாடிக்குப் போகும்போதோ பார்த்துத் திருட்டுத்தனமாகச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு என்று பிறகுதான் புரிந்தது. எந்த நேரத்தில் வெடிக்கும் என்று தெரியாத ஒன்றாக மிக்ஸியை நானே ஆக்கி வைத்திருந்தேன். எங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அதைத் தலைகீழாக மாற்றச் சொன்னார். முதலில் ஜாடி இல்லாத மிக்ஸியைக் கூடத்தில் வைத்து, பிளக்கைச் சொருகாமல், திருகை மட்டும் அவள் கையாலேயே திருப்பவிட்டோம். பல நாள் அதுவே விளையாட்டு. பிறகு பிளக்கைச் சொருகி, அவள் வாசற்படியில் நிற்க, "ஒன்று, இரண்டு, மூன்று" எண்ணி நான் ஒரு நொடி ஓடவிட்டேன். பிறகு அவள் எண்ணினாள். கடைசியில் திருகு அவள் கைக்குப் போயிற்று. அவளே திருப்பியபோது காதைப் பொத்த ஒரு கைதான் மிச்சம் இருந்தது. கொஞ்ச நாளில் அந்தக் கையும் கீழே இறங்கிவிட்டது. இதற்கு ஐந்து மாதம் ஆயிற்று. இன்றும் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால் முகம் சுளிப்பாள். தன் வீட்டு மிக்ஸி மட்டும் அவளுடையதாகிவிட்டது.

குக்கருக்கு அப்படிச் செய்ய முடியாது, அது நம் கையில் இல்லை. அதனால் வெயிட் லேசாக ஆடி "உஸ்" என்று ஆரம்பிக்கும்போதே "இப்போது வரும்" என்று சொல்லப் பழக்கினேன். அரிசிக்கு மூன்று, பருப்புக்கு நான்கு என்று பலகையில் கோடு போட்டு, ஒவ்வொரு விசிலுக்கும் அவளே ஒரு கோட்டை அழிப்பாள். நான் வேறு ஏதோ வேலையில் இருந்துவிட்டு நான்காவது விசில் வந்துவிட்டால் என்னைத் திட்டுவாள், அது தனிக் கதை.

தேருக்கு, காதை மூடி ஒலியைக் குறைக்கும் இயர் மஃப் வாங்குங்கள், ஆனால் அன்றைக்குத்தான் முதன்முதலாக மாட்டிவிடாதீர்கள். நாங்கள் வீராம்பட்டினம் தேருக்கு அப்படிச் செய்து, மேளத்துக்கு அழாமல் இயர் மஃப்பின் இறுக்கத்துக்கு அழுதாள். இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே வீட்டில் பிடித்த வேலை செய்யும்போது ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று மாட்டிப் பழக்குங்கள்.

நீர்க்காகம் (புதுச்சேரி) எழுதியது:

எனக்கு இருபத்தாறு வயது. ஆட்டிசம் உள்ளவன். பேசுவதைவிட எழுதுவது எளிது என்பதால் இங்கே எழுதுகிறேன். பெற்றோர்கள் ஒலியை அளவு வைத்து யோசிக்கிறீர்கள், பெரிய ஒலி, சிறிய ஒலி என்று. எனக்கு அது அப்படி இருக்கவில்லை.

பள்ளியில் என்னை அதிகம் வதைத்தது மணியோ கூச்சலோ அல்ல, என் இருக்கைக்கு மேலே இருந்த டியூப்லைட்டின் சோக்கு. அது இடைவிடாமல் "ம்ம்ம்" என்று பாடிக்கொண்டிருக்கும். மற்றவர்களுக்கு அது இரண்டு நிமிடத்தில் மறைந்துவிடும் என்பதே எனக்குப் பதினைந்து வயதில்தான் தெரிந்தது. எனக்கு அது மறையவே இல்லை. அந்த "ம்ம்ம்", மின்விசிறியின் "டக், டக்", பின்வரிசையில் பேனா மூடியைக் கடிக்கும் பையன், வாசலில் ஐஸ் வண்டி, இவற்றோடு ஆசிரியரின் குரல்: ஐந்தும் ஒரே உயரத்தில் வரும். இதில் எது பாடம் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நானே முயன்று பொறுக்கி எடுக்க வேண்டும். என் பெயரைக் கூப்பிட்டால் அதுவும் ஆறாவது ஒலியாகத்தான் வந்து விழும். கேட்காமல் இல்லை. அது எனக்கு என்று தெரிவதற்குள் மூன்றாவது தடவை கூப்பிட்டு, குரலில் கோபம் ஏறியிருக்கும். கோபம் ஏறிய குரல் இன்னும் கடினமான ஒலி.

உங்கள் மகன் என்ஜின் சத்தத்தில் பேருந்தைச் சொல்கிறான் என்றீர்கள். எனக்கும் அது உண்டு. அம்மாவின் மிக்ஸி எந்த ஜாடியில் ஓடுகிறது என்று மாடியிலிருந்தே சொல்லிவிடுவேன். அதைக் குறைபாட்டுப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். "ஒலி எங்கே சிக்குகிறது" என்று அந்த மையத்தார் கேட்டதே எனக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்கு ஒலி சிக்குவதில்லை. எல்லாமே உள்ளே வந்துவிடுகிறது.

கூப்பிடுவதற்கு ஒரு யோசனை. தூரத்திலிருந்து நான்கு தடவை கூப்பிடுவதைவிட, அருகில் வந்து, அவன் பார்வைப் பக்கமாக நின்று, அவன் வைத்து விளையாடும் பொருளைத் தொட்டுவிட்டு, ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பத்து என்பது உங்களுக்கு மிக நீளமாகத் தோன்றும்.

மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திய பிறகு நான் அங்கே போய்ப் பாறைகளுக்குப் பக்கத்தில் உட்காருவேன். அலைச் சத்தம் அளவில் சிறியதல்ல. ஆனால் அது திடுக்கிட வைக்காது, மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். உங்களுக்கு தேவனாம்பட்டினம் கடற்கரை அருகில்தான், தேர் நாளில் அங்கே போகலாம்.

கெடிலக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. நீர்க்காகம் தம்பி எழுதியதை என் தாயாருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்று மாலை அவன் அருகில் போய்க் குனிந்து நின்று ஒரே தடவை கூப்பிட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருந்ததைப் பார்த்தேன். அவன் திரும்பவில்லைதான். இருந்தாலும் அவர் அப்படி நின்றதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

மையத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். செவிமடல் அவர்களிடம் இன்னும் ஒரு கேள்வி. இயர் மஃப் வாங்கிவிட்டோம். அவனுக்கு அது பிடித்தும்விட்டது. காலையில் எழுந்ததும் தேடுகிறான். நாள் முழுக்க மாட்டிக்கொண்டு இருக்கட்டுமா? பள்ளியிலும் அனுமதிக்கச் சொல்லட்டுமா?

செவிமடல் எழுதியது:

பிடித்துவிட்டது என்பது நல்ல செய்தி. நாள் முழுக்க வேண்டாம். உள்ளே வரும் ஒலி குறைந்தால் மூளை தன் உணர்திறனைத் தானே கூட்டிக்கொள்ளும். மங்கிய வெளிச்சத்தில் கண் பழகிவிட்ட பிறகு ஜன்னலைத் திறந்தால் கூசுவதுபோல. காது நலமாக உள்ளவர்களை இரண்டு வாரம் ஏறக்குறைய நாள் முழுவதும் காதடைப்பானோடு இருக்கச் சொல்லி 2003இல் ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவில், முன்பு தாங்கிய அதே அளவு ஒலி அவர்களுக்கு இன்னும் உரத்ததாகத் தெரிந்தது. நலமான காதுக்கே அப்படியென்றால், ஏற்கெனவே கூச்சமுள்ள குழந்தையிடம் இன்னும் எச்சரிக்கை தேவை.

அதனால் இடமும் நேரமும் பார்த்து மாட்டுங்கள். பேருந்து நிலையம், தேர், கல்யாண மண்டபம், பள்ளியில் ஆண்டு விழா ஒத்திகை, இவற்றுக்கு உண்டு. வீட்டில் இல்லை, வகுப்பு நேரத்தில் இல்லை. வகுப்பில் மாட்டினால் ஆசிரியரின் குரலும் சேர்ந்து குறைந்துவிடும். அவனுக்கு ஏற்கெனவே கவனம் பிடிக்கக் கடினமாக உள்ள ஒலி அதுதான். நல்ல இயர் மஃப் 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும் என்பது நினைவிருக்கட்டும். பள்ளியில் அதற்குப் பதிலாக முன்வரிசை இருக்கை, மின்விசிறியையும் ஜன்னலையும் விட்டுத் தள்ளிய இடம், மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பு தோளில் ஒரு தட்டு, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். டியூப்லைட் பழைய சோக்கோடு இருந்தால் மாற்றித்தர நீங்களே முன்வாருங்கள், ஒரு எல்.இ.டி. பட்டையின் விலைதான்.

திடீரென்று "இனி மாட்டக் கூடாது" என்று பிடுங்கிவிடாதீர்கள். அவன் கேட்கும்போது கொடுத்து, ஒலி அடங்கியதும் "முடிந்தது" என்று சொல்லிக் கழற்றி, ஒரே ஆணியில் அவனையே மாட்டச் சொல்லுங்கள். டிம்பனோமெட்ரி எடுத்தீர்களா?

கெடிலக்கரை எழுதியது:

எடுத்தோம். வலது காது இயல்பு. இடது காதில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் இருப்பதாகச் சொல்கிறார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் இப்போதைக்கு அவசரம் ஒன்றும் இல்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். கூப்பிட்டால் திரும்பாததற்கு இதுதான் காரணமா என்று கேட்டேன். முழுக் காரணமாக இருக்காது, ஆனால் மங்கலாகக் கேட்கும் நாட்களில் இன்னும் சிரமப்பட்டிருப்பான் என்றார். பெரா எடுத்தபோது இது இருந்திருக்காது, பிறகு வந்திருக்கலாம் என்பதும் அவர் கருத்து. அதுவரை வலப்பக்கமாக நின்று கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.

தேர் நாள் காலையில் வடம் பிடிப்பதற்கு முன்பே தேவனாம்பட்டினத்துக்குப் போய்விட்டோம். பதினோரு மணி வரை மணலில் இருந்தான். திரும்பி வந்து தெருமுனையில் இறங்கியபோது தூரத்தில் மேளம் கேட்டது. பையில் இருந்த இயர் மஃப்பை அவனே எடுத்து மாட்டிக்கொண்டு, "தேர் வரும், அப்புறம் போயிடும்" என்றான். வீட்டுக்குள் வந்ததும் வழக்கமான சந்துக்குள்தான் போய் நின்றான், ஆனால் இந்தத் தடவை அழவில்லை. கொடிமுல்லை அக்கா, மிக்ஸியின் திருகை இன்று முதல் அவன் கையில் கொடுத்திருக்கிறோம். பிளக் இன்னும் சொருகவில்லை.